பாரத்தின் லெதர் ஜாக்கெட்

மழை விட்ட மறுநாள் டயானா பீரோவைத் திறந்தபோது, பாரத்தின் லெதர் ஜாக்கெட்டில் காலர் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கீழ்த்தட்டிலிருந்த பூட்ஸிலும் அப்படித்தான். அடையாறில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கணவனிடம் அதையெல்லாம் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் அவனே போன் செய்து, ஜாக்கெட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கேட்டான்.

"தண்ணி ஊத்திக் கழுவிடாத. காஞ்ச துணியால தொடை. வெயில்ல வெக்காத, தோலு வெடிச்சிரும். ஃபேன் காத்துல வுட்டுட்டு அப்பறமா கிரீம் தடவு, இன்னா?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். வீட்டுப் பேச்சை எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன். டயானாவுக்கு உள்ளே ஏதோ துளிர்த்தது. பெரியமேட்டில் ஜாக்கெட்டை வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. கடை கடையாக ஏறி, தோலை மடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, உள்தையலை இழுத்துப் பார்த்தான்; கடைக்காரரே சலித்துப்போனார். "ஒரு தபா வாங்கினா ஆயுசுக்கும் வரணும்" என்றான் அப்போது. திரும்ப பைக் எடுக்கிற ஆசை அவனுக்கு வந்துவிட்டது போல. மதியம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து துடைத்தாள். பூட்ஸின் தையல் இடுக்குகளில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கிரீம் ஏற்றினாள்.

சாயங்காலம் அவன் கூட்டாளி ஜவஹர் வந்தான். வாசலைத் தாண்டவில்லை.

"பாரத்து போன் பண்ணான் அண்ணி. 'ஜாக்கெட்டு, பூட்ஸு ரெண்டையும் நீயே வெச்சிக்க மச்சி'ன்னு சொன்னான். நான் வாணான்னுதான் சொன்னேன்... அழுவுறான் அண்ணி."

டயானா கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு பூட்ஸை எடுத்து நீட்டினாள்.

"வெயில்ல வெச்சிடாதீங்க."

ஜாக்கெட்டைத் தரவில்லை. மயிலாப்பூரில் பஸ் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டே போனாள். வார்டில் ஏசி குளிரில் பாரத் போர்வைக்குள் சுருண்டிருந்தான். ஜாக்கெட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஜவஹர் வர்லியா?"

"வந்தாரு."

"குடுத்திருக்கலாம்ல டயானா. சும்மா கெடந்து வீணாப் பூடும்."

"எந்திரி. குளுருதுல்ல."

அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசி குத்தியிருந்த கையை விட்டுவிட்டு, மற்ற கையை மட்டும் ஜாக்கெட்டுக்குள் நுழைத்தாள். அது தோளில் நிற்காமல் சரிந்து இறங்கியது. உள்ளே இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. ஜாக்கெட் கையின் முனையில் அவன் விரல்கள் வெளியே வரவேயில்லை. டயானா கட்டிலில் உட்கார்ந்து, தன் கையை அந்த முனை வழியாக உள்ளே விட்டாள். இருட்டான தோலுக்குள், சில்லென்று, அவன் விரல்கள் தட்டுப்பட்டன.