மார்லோ ஃபோர்க், மக்கள்தொகை 212

நான் குடியிருக்கும் மார்லோ ஃபோர்க் நெப்ராஸ்காவில் இருக்கிறது. ஊருக்குள் எல்லாரும் தென்காசிப் பக்கத்துத் தமிழ்தான் பேசுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

ஊரின் வரலாறு ஆறே வரி. 1887இல் ஒரு ரயில் நின்றது. யாரோ இறங்கினார்கள். ரயில் போய்விட்டது. மீதி மூன்று வரியும் மழையைப் பற்றியது.

புவியியல் அதைவிடச் சுலபம். ஊரில் ஓர் ஆள் குறைந்தால் ஓர் ஆளுக்கான இடமும் குறையும். போன வருஷம் சலூன் க்ரூகர் இறந்தபோது அவர் வீட்டைப் பாய் போலச் சுருட்டி, கயிற்றால் கட்டி, ஊர் ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டார்கள். நேர்த்தியாகத்தான் சுருட்டினார்கள், குறை சொல்லக் கூடாது.

எல்லைப் பலகையில் மக்கள்தொகை 212 என்று இருக்கும். அதில் நான் இரண்டு பேர். பதினோரு வருஷத்துக்கு முன், வந்த புதிதில், படிவத்தில் பெயர் என்ற இடத்தில் ஆவுடையப்பன் என்று எழுதினேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் நம் வழக்கப்படி அப்பா பெயரை, சண்முகவேல் என்று எழுதினேன். ஆபீஸில் இரண்டு ஆளாகப் பதிந்துகொண்டு அப்பாவுக்குத் தனியாக ஓர் அறையும் ஒதுக்கிவிட்டார்கள். வலிய வந்த சீதேவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அப்பா கடையநல்லூரைத் தாண்டியதே இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கேயே இறந்துபோனார். நான் போகவில்லை. ஆபீஸிலும் சொல்லவில்லை. சொன்னால் அறையைச் சுருட்டிவிடுவார்கள். உலகத்தில் அவர் உயிரோடு இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து டோலரெஸ் தலையெண்ண வந்தார். கையில் கயிறு வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஆளுக்கொரு கையெழுத்து. நீங்க போடுங்க."

போட்டேன்.

"அப்பாவக் கூப்பிடுங்க."

"தூங்குதாவ."

"பதினோரு வருசமாவா?"

"அசதி."

"எழுப்புங்க. இல்லாட்டா அறையச் சுருட்டணும்."

உள்ளே போனேன். அப்பாவின் அறைக்குப் போகும் நடை வழக்கமாகப் பத்தடிதான். அன்று ஒரு பர்லாங்கு இருந்தது. போகப் போக முழங்கால் வலித்தது. பாதியில் யாரோ ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். இரண்டு பல் கழன்று கையில் விழுந்தன. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அறையில் கட்டில் காலி. அது காலியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அழுகை வந்தது. ஒன்பது வருஷத்து அழுகையையும் அழுது முடித்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தேன்.

டோலரெஸ் எழுந்து நின்றார்.

"வாங்கய்யா. நல்லா இருக்கீயளா?"

"இருக்கேன்மா."

கையெழுத்துப் போட்டேன். அப்பா போடுவது போலவே வலப்பக்கம் சாய்ந்து, தானாக வந்தது. டோலரெஸ் கயிற்றைப் பைக்குள் வைத்தார். அறை தப்பியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாசல் வரை போனவர் நின்றார்.

"உங்களக் கூப்பிடத்தான உங்க மவன் உள்ள போனாவ. அவுகள எங்க?"

நடையைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"வந்துருவான்மா," என்றேன். "வராம இருக்க மாட்டான்."