ஒன்றுக்கு மூன்று

அந்தக் கட்டுமான வளாகத்தில் லாரி நுழைய முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். நடுவில் நின்ற பெரிய மரத்தைச் சுற்றிப் பலகை அடித்து மறைத்திருந்த வட்டம் அது. மரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அபராதம் என்று பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சாரத்தில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலையில் தொப்பி கிடையாது. மரத்துக்கு மட்டும் ராஜ மரியாதை.

தண்ணிக்காரம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. புதிதாகப் போட்ட தளங்களைக் காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. பெயரும் அதனால் ஒட்டிக்கொண்டதுதான். காலையில் வந்ததும் ஒரு பலகையை நகர்த்தி, மூன்று வயது மகளை உள்ளே விட்டு, பழையபடி சாத்திவிடுவாள். கொஞ்சவும் மாட்டாள், அதட்டவும் மாட்டாள். ஒரு சாமானைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டுப் போவதுபோலப் போய்விடுவாள்.

முன்பு வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். கலவை லாரி பின்னோக்கி வந்தது, டிரைவர் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: "சின்ன வயசுதானே, இன்னொண்ணு பெத்துக்கோ." கடைக்குப் போகிறவளிடம் சொல்வதுபோலச் சொன்னார்கள். அவளும் பெற்றுக்கொண்டாள். அவள் புருஷன் கொத்தனார் அந்தப் பெண் குழந்தைக்குச் சுண்டெலி என்று செல்லப் பெயர் வைத்து, உச்சி முகர்ந்து, மெல்லப் பழையபடி சிரிக்க ஆரம்பித்தார். இவள் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை.

மரங்களைப் பார்வையிட வரும் அதிகாரிக்கு அங்கே மரத்து சார் என்று பெயர். ஒரு நாள் அவர் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யாரு பிள்ளை இது? இப்படி மண்ணை மிதிச்சு மிதிச்சு இறுக்கினா வேர் எப்படி மூச்சு விடும்?"

"மூணு வயசுப் பிள்ளை சார். எவ்வளவு கனம் இருந்துடப் போகுது?" என்றாள் தண்ணிக்காரம்மா.

கூட வந்திருந்த சூப்பர்வைசர் களுக்கென்று சிரித்துவிட்டு, அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வெளியில விட்டா லாரி வருது சார்." குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னாள்.

மரத்து சார் ஏதோ முணுமுணுத்தார். வேருக்கு மேல் காய்ந்த இலையைக் கனமாகப் பரப்பிவைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு அவரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

சில மாதங்களில் திட்டம் மாறியது. லாரிகள் திரும்ப இடம் போதவில்லை என்று மரத்தை எடுக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். பதிலுக்கு மதிலோரம் மூன்று கன்றுகள்.

"ஒண்ணு போனா மூணு, லாபம்தானே?" என்றார் சூப்பர்வைசர். "கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேலைக்கு உன்னைத்தான் சொல்லியிருக்கேன். அந்தப் பக்கம் லாரியே வராது. பிள்ளையையும் கூடவே வெச்சுக்க."

கொத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம சுண்டெலிக்கு நல்ல நேரம்தான்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மரத்தை அறுத்த அன்று எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இளவயது இன்ஜினியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணிக்காரம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். "அம்மா, கை வலிக்குது" என்று குழந்தை சிணுங்கிய பிறகுதான் பிடியைத் தளர்த்தினாள்.

கன்றுகள் வந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயரக் கம்பிக் கூண்டு. மரத்து சாரே நேரில் வந்து நடவைத்தார்.

"தினம் தண்ணி விடு. ஒண்ணு ரெண்டு பட்டுப்போகத்தான் செய்யும், அதுக்கெல்லாம் பயந்துக்காதே. சொல்லி அனுப்பு, வேற கொண்டாந்து அதே குழியில வெச்சுடலாம். பார்க்கும்போது மூணு நிக்கணும், அவ்வளவுதான்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் சார் சொன்னாங்க."

"யாரு? என்ன சொன்னாங்க?"

"என் பையன் லாரியில அடிபட்டுப் போனப்போ. இன்னொண்ணு பெத்துக்கோன்னாங்க. பெத்துட்டேன்."

அவர் திரும்பி, மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்த சுண்டெலியைப் பார்த்தார். "பொண்ணு நல்லாத்தானே இருக்கா" என்றார்.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா இவ அவன் இல்லையே சார்."

மதிலைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரின் கரண்டி நின்றது. மகனைப் பற்றி அவள் வாய் திறந்து இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை.

"இவளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு ராப்பகலா காவல் காக்கறேன். ஆனா பெத்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட இவளை ஆசையாத் தூக்கினதில்ல சார். அவன் குழியில வெச்ச கன்னாத்தான் பார்த்திருக்கேன்."

தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் சுண்டெலிக்குப் புரிந்துவிட்டது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.