அண்ணியின் முன்பல்லும் இரண்டு மயக்க டாக்டர்களும்

நானும் என் கணவரும் ஒரே மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர்கள். வீட்டில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. அதற்குத்தான் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறதே.

சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். மயங்கியவரின் வாய்க்குள் லாரிங்கோஸ்கோப்பை விட்டு, நாக்கைத் தூக்கி, குரல்வளையைக் கண்டுபிடித்து, மூச்சு விடுவதற்கான டியூபை அதற்குள் செருக வேண்டும். என் கணவருக்குப் பழைய உலோகக் கருவிதான் பிடிக்கும். குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வாய்க்குள் நேராகப் பார்ப்பார். எனக்கு நுனியில் கேமரா வைத்த புதுசு. உள்ளே இருப்பதெல்லாம் பக்கத்துத் திரையில் பெரிதாகத் தெரியும். என்னுடையதை அவர் ‘சினிமா’ என்பார். அவருடையதை நான் ‘கரண்டி’ என்பேன்.

கரண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே என்ன தெரிகிறது என்பது பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். “தெரியுதா?” என்று யார் கேட்டாலும் அவர் “பளிச்சுன்னு தெரியுது” என்பார். இருபது வருஷமாக அதே பதில். ஆனால் ஒரு வருஷமாகச் செய்தித்தாளைக் கை எட்டுகிற தூரம் வரை நீட்டிப் படிக்கிறார். படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “அதெல்லாம் வயசானவங்களுக்கு” என்று மேஜைக்குள் தள்ளிவிட்டார். எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தியேட்டர் உடுப்பு மாற்றும்போதும் அது கூடவே மாறும்.

அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர். இத்தனை வருஷம் வெறும் குரலாக இருந்தவரைத் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நாளில் கேமரா முன்னால் பரீட்சை. அதற்காகவே முன்பல் ஒன்றைப் புதிதாகக் கட்டியிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பித்தப்பைக் கல் உயிரை எடுக்க, உடனே ஆபரேஷன் என்றாகிவிட்டது.

அண்ணிக்குக் கழுத்து குட்டை. மேல்வரிசைப் பல் கொஞ்சம் எடுப்பு. இதை நான் மருத்துவக் காரணத்துக்காக மட்டுமே சொல்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு டியூப் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

“நான்தான் போடுவேன், என் அக்கா” என்றார் அவர்.

“கரண்டிய வச்சு நெம்புவீங்க, பல்லு கையோட வந்துரும்” என்றேன் நான்.

கட்டிலில் கிடந்த அண்ணி கையைத் தூக்கினார். “ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. இந்தப் பல்லுக்கு ஏதாவது ஆச்சு, வேற பல்லு கட்டுற வரைக்கும் உங்க வீட்டுலதான் இருப்பேன். சமையல்கட்டையும் நான்தான் பாத்துப்பேன்.”

அண்ணி கையில் சமையல்கட்டு என்றால் எனக்குப் பயம். அவருக்கும்தான். சமாதானத்துக்கு வந்தோம். கேமரா வைத்த கருவியையே அவர் பிடிப்பார். ஆனால் திரை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பழக்கப்படி கண்ணால் பார்த்தே போடுவார். முடியாவிட்டால் என் முறை.

இதில் அவர் ஒன்றை மறந்துவிட்டார். திரை அவருக்குத்தான் முதுகில் இருந்தது. எனக்கும் நர்ஸுக்கும், கையைக் கழுவிவிட்டு நின்ற சர்ஜனுக்கும் நேர் எதிரில் இருந்தது.

அண்ணி மயங்கியதும் அவர் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார்.

“தெரியுதா டாக்டர்?” என்றார் சர்ஜன்.

“பளிச்சுன்னு தெரியுது.”

திரையில் நாக்கு தெரிந்தது. அதற்குப் பிறகு இன்னும் நாக்கு தெரிந்தது. நர்ஸ் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தற்செயலாகத் திரும்பினால், கருவியின் முதுகு அந்தப் புதுப்பல்லின்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது!

“என்னங்க, பல்லு!”

சட்டென்று எடுத்துவிட்டார். முகமூடியை வைத்து ஆக்சிஜன் கொடுத்தார். நான் தலைமாட்டுக்கு வந்து, திரையை என் எதிரே இழுத்துவைத்துக்கொண்டு, ஜம்மென்று கருவியை வாங்கினேன்.

இரண்டே விநாடி. அண்ணியின் குரல் நாண்கள் வெள்ளை வெளேரென்று திரை நிறைய வந்து நின்றன. ஊரெல்லாம் கேட்ட குரல் அங்கிருந்துதான் வந்தது. சர்ஜனே “அடேங்கப்பா” என்றார். நான் டியூபை விட்டேன். அது வலப்பக்கம் முட்டியது. மறுபடி விட்டேன். இடப்பக்கம் முட்டியது. வாசல் கண்முன்னே திறந்து கிடக்கிறது, உள்ளே போகத்தான் வழியில்லை. ஆக்சிஜன் மீட்டரின் ‘டிங் டிங்’ சுருதி இறங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம். எனக்கு வியர்த்துவிட்டது. உண்மையிலேயே பயந்துபோனேன். கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமல் இன்னும் அழுத்தித் தூக்கினேன்.

“பல்லு!” என்றார் அவர்.

குனிந்து பார்த்தேன். அதே பல். இந்தத் தடவை கருவியை அதன்மேல் சாய்த்திருந்தது என் கை.

அவர் என் கையிலிருந்து டியூபை வாங்கினார். கண்ணால் நேராகப் பார்த்துப் போடுவதற்கென்று அவர் வளைக்காமல் வைத்திருந்த டியூப் அது; கேமரா காட்டுகிற வழிக்கு வளைவு வேண்டும். உள்ளே இருந்த கம்பியோடு சேர்த்து நுனியை மேல்நோக்கி வளைத்தார்.

“நீ அப்படியே பிடி. அசையாதே.”

நான் பிடித்தேன். அவர் வாயைப் பார்த்து நுழைத்து, பிறகு திரையை நிமிர்ந்து பார்த்து உள்ளே தள்ளினார். சுகமாகப் போய்விட்டது. சுருதி மெல்ல ஏறியது. எனக்கு அழுகை வரும்போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு டாக்டர்கள் சேர்ந்து ஒரு டியூப் போட்டோம்.

சாயங்காலம் வார்டில் அண்ணி முதலில் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். இருந்தது.

“யாரு போட்டீங்க?” என்றார் கம்மிய குரலில்.

“நான்தான்” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

அண்ணி தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தார். அந்தக் கருவி எல்லாவற்றையும் படம்பிடித்து வைக்கும் என்பதை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. தன் தொண்டைப் படத்தைத் தான் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு, நடந்த கதையோடு சேர்த்து வாங்கியிருக்கிறார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் வாசிக்கும் அதே நிறுத்தத்தோடு வாசித்தார். “தலைப்புச் செய்திகள். முதல் நிமிடத்தில் தம்பிக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது நிமிடத்தில் தம்பி மனைவிக்கு எல்லாம் தெரிந்தது, எதுவும் நடக்கவில்லை.”

நாங்கள் தரையைப் பார்த்தோம்.

“நல்லவேளை, பல்லு பொழச்சுது. பயப்படாதீங்க, உங்க வீட்டுக்கு வரமாட்டேன். ஒருத்தனுக்குக் கண்ணு தெரியல. இன்னொருத்தி கண்ணெதிர்ல இருக்கறத விட்டுட்டு டிவி பாக்குறா. அந்த வீட்டுல என் பல்லுக்கு என்ன பாதுகாப்பு இருக்கு?”

பயந்த தண்டனையிலிருந்து தப்பிவிட்டோம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப்போனது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். நான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

போட்டுக்கொண்டு என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

“தெரியுதா?” என்றேன்.

“இப்பத்தான் தெரியுது” என்றார்.