ரோலர் ஏறிய புல்

ணங் என்று எகிறித் திரும்பிய கடப்பாரையின் அதிர்வு அவர் கையை உதறி, முழங்கையில் ஏறி, தோள்பட்டையைக் கடந்து, கடைவாய்ப் பல்லில் போய் நின்றது, சென்னியப்பன் அப்படியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், என்ன அருமையான சத்தம், இந்தச் சத்தத்துக்காக எத்தனை ரோட்டில் எத்தனை வெயிலில் குடைகூட இல்லாமல் நின்றிருப்பார், குத்துய்யா என்பார், ஆள் குத்துவான், மண் தொம் என்றால் கான்ட்ராக்டரின் முகம் வாடும், ணங் என்றால் இவர் முகம் மலரும், நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியர் சென்னியப்பன் போட்ட ரோட்டில் மழைத்தண்ணீர் இறங்காது, எறும்பு இறங்காது, எமன் எருமையில் வந்தாலும் குளம்புத் தடம் பதியாது என்று பேர், அந்தப் பேருக்கு ஒரு குறையும் வராமல்தான் இப்போது, ஓய்வு பெற்று, உடுமலைப்பேட்டைக்கு வெளியே சொந்தமாகக் கட்டிய வீட்டின் முன்னால், சொந்தப் பெண்டாட்டி வளர்த்த புல்தரையை ரோடாக்கி வைத்திருந்தார், நாளைக் காலை பருவதம் வந்துவிடுவாள்.

கெட்டது நினைத்துச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. மகள் தாரணியின் பிரசவத்துக்காகப் பருவதம் பெங்களூருக்குக் கிளம்பியபோது, காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, நேரத்துக்குச் சாப்பிடுங்க, மாத்திரையை மறந்துறாதீங்க என்று ஊர்ப் பெண்டாட்டிமார் சொல்வது ஒன்றையும் சொல்லாமல், புல்லைப் பாத்துக்கங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள், சரி கண்ணு என்றார், பார்த்தார், தினமும் பார்த்தார், பார்க்கப் பார்க்க அந்தத் தரை மேடும் பள்ளமுமாக இருப்பது கண்ணை உறுத்தியது, ஒரு ரோட்டை இந்த லட்சணத்தில் கொண்டுவந்து ஒப்படைத்திருந்தால் வாங்கியிருப்பாரா, பேரப்பிள்ளை நாளைக்கு இதில்தானே தவழப் போகிறது, செருப்பில்லாமல் நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அவள் போட்ட புல், கால் பிசகி விழுந்தால் என்னாவது, அவள் வந்து பார்க்கும்போது பாய் விரித்த மாதிரி இருக்கவேண்டும், பழைய கான்ட்ராக்டர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னார், அந்த மனுஷன் பழைய பயம் தெளியாமல் மறுநாளே ஒரு குட்டி ரோலரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார், டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு இவரே ஏறி உட்கார்ந்தார், சர்வீஸ் முழுக்க ரோலருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு ஒருநாளும் வாய்க்காத சீட்டு, அதிலும் தொழில் சுத்தம், முந்தின நாளே தண்ணீர் விட்டு, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டி, உதிராமலும் ஒட்டாமலும் இருக்கிற பதம் பார்த்து, அந்தப் பதத்தில்தான் மண் தன்னிடம் இருக்கிற கடைசிக் காற்றையும் விட்டுவிட்டு இறுகும், போனார், வந்தார், போனார், வந்தார், காம்பவுண்டுச் சுவர் ஓரத்தைக்கூட விடவில்லை, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இவர் பிடித்தது மாநில நெடுஞ்சாலையாக முடிந்தது.

அடுத்த வாரமே புல் நுனியில் மஞ்சள் கட்டியது, தண்ணீர் காட்டினார், தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நின்று வானத்தைக் காட்டியது, உரம் போட்டார், உரம் மிதந்து சாக்கடைக்குப் போனது, புல்லைத் திட்டிப் பார்த்தார், ஒரு காலை நேரத்தில் அந்த நிற்கிற தண்ணீரில் தன் முகத்தையே பார்த்தபோதுதான் விளங்கியது, அட பாவி, புல் முளைக்காத மண் எப்படிச் செய்வது என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுத்தவன் நீதானே, ரோட்டோரம் ஒரு அறுகு தலைகாட்டினால், காத்து போயிருக்குதுய்யா உள்ளே, திருப்பி அமுக்கு என்று கத்தினவன் நீதானே, வேருக்கும் மூச்சு வேண்டும், மூச்சு போகிற வழியை எல்லாம் முறைப்படி அடைத்தாகிவிட்டது. இதற்குள் பருவதம் தினமும் வீடியோ காலில் வந்து, குழந்தையைக் காட்டிவிட்டு, புல்லைக் காட்டுங்க என்பாள், மழையா இருக்குது என்றார் ஒருநாள், வெயிலுக்குப் போன் மங்கித் தெரியுது என்றார் மறுநாள், அதற்கு மறுநாள் சந்தைக்குப் போய், கல்யாண மண்டபத்தில் விரிப்பார்களே பிளாஸ்டிக் புல்பாய், அதில் ஒரு துண்டு வாங்கிவந்து வாசலில் போட்டு, போனை அதன் மேலேயே பிடித்துக்கொண்டார், நல்லாத்தானுங்க இருக்குது என்றாள் அவள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏனுங்க, எல்லாப் புல்லும் ஒரே உசரமா இருக்குதே, வெட்டுனீங்களா, ஆமா கண்ணு, ஒவ்வொண்ணா அளந்து வெட்டினேன். பொய் சொல்வதிலும் அவருக்கு மட்டம் பிசகக் கூடாது.

திட்டுவாள் என்கிற பயம் அவருக்கு இல்லை, திட்டமாட்டாள் என்பதுதான் பயம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒருதரம் திட்டியதில்லை, சும்மா நிற்பாள், அந்த நிற்பு இருக்கிறதே, ஊத்தங்கரை குவார்ட்டர்ஸ் வாசலில் லாரி நிற்கிறது, கட்டில் ஏறிவிட்டது, பீரோ ஏறிவிட்டது, இவர் கையில் மாறுதல் உத்தரவு, அவள் தான் நட்ட ரோஜாவுக்கு முன்னால் நிற்கிறாள், மொட்டு விட்டிருக்கிறது, பறிக்கவும் இல்லை, தொடவும் இல்லை, பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, தண்ணி மட்டும் ஊத்துங்க என்று சொல்லிவிட்டு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து நேரே பார்க்கிறாள், அடுத்த ஊர் வரும்வரை நேரேதான் பார்க்கிறாள், ஊருக்கு ஊர் ஒரு செடி, ஊருக்கு ஊர் ஒரு நிற்பு, சொந்த மண் வரட்டும், அப்புறம் உன்னை எவனும் கிளப்பமாட்டான் என்று ஒருதரம் சொன்னார், சரிங்க என்றாள், இது சொந்த மண், இதிலும் அவள் வந்து அதே மாதிரி நின்றுவிட்டால், யாரைக் கூப்பிட்டு எதற்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வாள், பிறகு எதை நடுவாள், எதையும் நடமாட்டாள், அதற்குள் காற்றுப் போக நாலு ஓட்டையாவது போட்டுவிடலாம் என்றுதான் காலையிலிருந்து கடப்பாரையும் கையுமாக நின்றார்.

மதியம், கை கொப்புளம் கட்டி, சுவர் நிழலில் சாய்ந்தவர் கண் சொருகிப்போனார், புல்தரை நீண்டுகொண்டே போகிறது, வாசல் கேட்டைத் தாண்டி, திருமூர்த்தி மலையைத் தாண்டி, நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் மைல்கல், அதில் ஊர்ப் பேருக்குப் பதிலாகப் பருவதம் என்று எழுதி, தூரம் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறது, ரோலர் மேல் அவரே உட்கார்ந்து போகிறார், இறங்க முடியவில்லை, பெரிய அதிகாரி ஒருவர் குறுக்கே வந்து கையைத் தூக்குகிறார், சாம்பிள் எடுத்துக் காட்டும் என்கிறார், இவர் மண்ணைக் குடைந்து எடுக்கும் குழாயைத் தேடுகிறார், குழாய் எங்கே, குழாய் எங்கே என்று கத்திக்கொண்டே கண் விழித்தார், விழித்தவர் அப்படியே எழுந்து உட்கார்ந்தார், அட, குழாய்.

கடப்பாரை மண்ணைப் பக்கவாட்டில் தள்ளித்தான் ஓட்டை போடும், தள்ளின மண் இன்னும் இறுகும், ஆனால் ரோடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க மண் மாதிரி எடுப்பார்களே, அதற்கு ஒரு இரும்புக் குழாய், அடித்து இறக்கி வெளியே இழுத்தால் மண் உருளையாக உள்ளேயே வந்துவிடும், எடை போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டையை மறுபடி அடைத்து இறுக்கிவிடவேண்டும், சட்டம், இப்போது அடைக்காமல் விட்டால் போச்சு, யார் கேட்கப்போகிறார்கள். போர் போட்டபோது மிஞ்சிய குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார், முனையைத் தீட்டி, மேலே கைபிடி வைத்து, காலால் மிதிக்க ஒரு கட்டை ஒட்டவைத்துக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, விடிந்ததும் முதல் மிதி மிதித்தார், இறங்கியது, திருகி இழுத்தார், வந்தது, குச்சியால் தள்ளியதும் குழாய்ப்புட்டு மாதிரி ஒரு உருளை மண் புல்மேல் விழுந்தது, சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார், அடியில் வேர் ஒன்று வெள்ளையாக, உயிரோடுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு அர்த்தநாரி, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், காப்பி டம்ளரோடு மதில் மேல் தலையை நீட்டி, ஏனுங்க சார், எத்தனை நாய் வந்துட்டுப் போச்சுங்க என்று கேட்டார், நாய் இல்லைங்க, மண்ணுக்குக் காத்து விடறேன் என்றார் இவர், அர்த்தநாரி ஒரு மடக்குக் குடித்தார், மோட்டார் வெச்சு அடிக்கலாமுங்களே, ஊர்ல எல்லாத்துக்கும் மோட்டார் வந்துருச்சே, இவர் மிதித்தார், திருகினார், இழுத்தார், நேர்கோட்டில்தான் போட்டார், தொட்டில் பழக்கம், ஓட்டைக்கு ஓட்டை ஒரே இடைவெளி, ஒவ்வொன்றிலும் ஆற்றுமணலும் மக்கின சாணியும் அள்ளிப் போட்டார், பாதிகூட முடியவில்லை, வாடகைக் கார் வந்து நின்றது.

பருவதம் இறங்கினாள், பையைக் கீழே வைத்தாள், பார்த்தாள். மஞ்சளாகிப் போன புல், அதன்மேல் வரிசை வரிசையாக மண் உருளை, நடுவில் குழாயோடு புருஷன், முழங்கால் வரை சேறு, அவள் நின்றாள், அதே நிற்பு, சென்னியப்பனுக்கு ஊத்தங்கரை லாரியின் சத்தம் காதில் கேட்டது, ரோலர் விட்டுட்டேன் பருவதம் என்றார், குரல் தேய்ந்துபோய், மேடு பள்ளமா இருந்துச்சு, உனக்குக் கால் தடுக்கும்னு, அவள் ஒரு அடி எடுத்துவைத்தாள், கால் பட்டது பிளாஸ்டிக் பாயில், குனிந்து அதைத் தொட்டாள், தூக்கினாள், மதிலுக்கு வெளியே வீசினாள்.

உங்க தலையில இடி விழ என்று ஆரம்பித்தாள். தெருவுக்கே கேட்டது. அமுக்கறது, அமுக்கறது, அமுக்கறதைத் தவிர வேற என்னங்க தெரியும் உங்களுக்கு, புல்லுக்கு ரோலர் விட்ட மகராசன் இந்த ஒலகத்துல உண்டுங்களா, இதுல வேற அளந்து வெட்டினீங்களாமா, கொண்டாங்க அதை என்று குழாயைப் பிடுங்கினாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள், இது ஊத்தங்கரைக்கு, மொட்டு விட்ட ரோசாங்க அது, திருகினாள், இழுத்தாள், இது அரூருக்கு, கத்தரி காய் எறங்கற நேரத்துல லாரியக் கொண்டாந்து நிறுத்துனீங்கல்ல, மறுபடி மிதித்தாள், இது மணப்பாறைக்கு, அந்த முருங்கை இன்னமும் காய்க்குதாம், எவ வீட்டுல கொழம்பு கொதிக்குதோ, ஒவ்வொரு ஊராக வந்தாள், ஒரு ஊரையும் விடவில்லை, அத்தனை கோபத்திலும் ஒரு ‘ங்க’ தவறவில்லை, அர்த்தநாரி டம்ளரோடு உள்ளே போய்விட்டார், சென்னியப்பன் மணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார், அவள் போடும் ஓட்டையில் எல்லாம் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஆமா கண்ணு, ஆமா கண்ணு என்று சொல்லிக்கொண்டு, இவ்வளவு சந்தோஷமாக அவர் வாழ்க்கையில் எந்தத் திட்டையும் வாங்கினதில்லை, அவள் ஓட்டை கோணல் மாணலாக விழுந்தது, ஒன்றுக்கொன்று இடைவெளி சரியில்லை, அதைக்கூட அவர் சொல்லவில்லை.

சுவர் ஓரம் போனதும் பருவதத்துக்கு மூச்சு வாங்கியது, குழாயை ஊன்றி நின்றாள், முடிஞ்சுதுங்க என்றாள், அவ்வளவுதான். சென்னியப்பன் சட்டியை இறக்கி வைத்தார், ஒட்டன்சத்திரத்தை விட்டுட்டியே என்றார். அவள் திரும்பினாள், அங்க நான் என்ன வெச்சேன், ஒண்ணும் வெக்கலியே என்றாள், வெச்சே கண்ணு, கனகாம்பரம், கெணத்து மேட்டுல, முதல் பூ பூத்த அன்னிக்குத்தான் ஆர்டர் வந்துச்சு, நீ உள்ள சாமான் கட்டிட்டு இருந்தே, பூத்ததை நீ பாக்கவே இல்லை, நான் பாத்தேன், சொன்னா இன்னும் கஷ்டமாயிருக்கும்னு சொல்லாம விட்டுட்டேன். பருவதம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், இந்த நிற்பு வேறு மாதிரி இருந்தது, கண் கலங்கியிருந்தது, என்ன நெறமுங்க என்று கேட்டாள், செவப்பு என்றார், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயை அவர் கையில் கொடுத்தாள், அப்ப ஒட்டன்சத்திரத்துக்கு நீங்க போடுங்க என்றாள்.