ஏழாவது தோல்வி

தமயந்தி வேலை பார்த்த நினைவு அருங்காட்சியகம் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பழங்காலச் சீன நாவலாசிரியர் ஒருவருக்காகக் கட்டியது. தன் நாவலின் கடைசி நாற்பது அத்தியாயங்களை எழுதாமலே அவர் இறந்து இருநூற்றைம்பது வருடமாகிறது. ஒன்பதாம் அறையில் கட்டிலில் படுத்திருப்பார்.

அங்கே ஊழியர்கள் உட்காரக் கூடாது. தமயந்தி ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். கால் வீங்கி, ஆண்கள் செருப்புக்கு மாறியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நாவலாசிரியர் கண்ணைத் திறந்தார்.

"முதுகெல்லாம் புண்ணாப் போச்சும்மா. கொஞ்ச நாள் நான் நிக்கிறேன். நீ வந்து படு."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அறையின் ஈரப்பதம் ஏறும். அடக்கிக்கொண்டு கண்காணிப்பாளர் தேவசகாயத்திடம் போனாள்.

அவர் கோப்பைப் புரட்டினார். "மாத்திக்கலாம், தடையில்ல. ஆனா படுக்கிறவங்க அரசுத் தேர்வுல ஏழு தடவை தோத்திருக்கணும். ஐயா ஏழு. நீ?"

"ஆறு சார்."

"ஒண்ணு குறையுதே. இத்தன வருஷம் என்னதான் பண்ண?"

"இன்னொண்ணு தோத்துடறேன் சார். இன்னிக்கே."

தேர்வு நாலாம் அறையில். அந்தக் காலத்தில் ஐயாவை உட்காரவைத்துத் தேர்வெழுதச் சொன்ன கூண்டின் மாதிரி வடிவம் அங்கே இருந்தது. மூன்று பக்கம் சுவர், உட்கார ஒரு பலகை. நடைவழி அன்று நீண்டுகொண்டே போனது. போய்ச்சேர மதியமாயிற்று. முழங்கால்கள் மடங்க மறந்திருந்தன. கையால் அழுத்தி மடக்கி உட்கார்ந்தாள்.

வினாக்கள் எல்லாம் அவள் படித்த வேதியியல். கந்தக அமிலம் தயாரிக்கும் முறை என்ன? விடை விரல்நுனிவரை வந்துவிட்டது. பேனாவை மூடித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் சும்மா இருந்தாள். வெற்றுத் தாள்களை நூல்போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

தேவசகாயம் ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் திருத்தினார். நாவலாசிரியர் இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.

"ஐயா, இது நீங்க எழுதாம விட்ட கடைசி நாப்பது அத்தியாயம் இல்ல?"

நாவலாசிரியர் தாள்களை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் படித்தார்.

"அதேதான். ஒரு எழுத்து மாறல."

"நூத்துக்கு நூறு," என்றார் தேவசகாயம். "பாஸாயிட்டம்மா. உன் வேலை நிரந்தரம்."

நாவலாசிரியர் தமயந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. "பரவால்ல, நான் குப்புறப் படுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் அறைக்கு நடந்தார்.

தேவசகாயம் நியமன ஆணையை நீட்டினார். தமயந்தி அதைச் சுவரில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.