ராஜபார்ட்டுக்கு ஒன்ஸ்மோர்

ராஜபார்ட் சிவனணைந்தபெருமாள் 1943ஆம் வருடம் மாசி மாதம் தூத்துக்குடி நாடகக் கொட்டகையில் ஒரே பகலில் ஒன்பது முறை செத்தார். முதல் இரண்டும் நடிப்பு. மூன்றாவது நிஜம். கம்பவுண்டர் சுந்தர்சிங் மேடையேறி நாடி பார்த்து, "உயிரு இல்ல, துணியப் போத்துங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சனம் "ஒன்ஸ்மோர்" என்றது. ராஜபார்ட் எழுந்து கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி பாட ஆரம்பித்தார். அன்றைக்குச் சந்தையில் சாளை மீன் மலிவு.

யுத்தகாலம். துறைமுகத்தில் விளக்கு எரியக் கூடாதென்று உத்தரவு இருந்ததால் நாடகம் பகல் மூன்று மணிக்கே தொடங்கிவிடும். செத்தவர் எழுந்தது ஊருக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. ஒன்ஸ்மோர் கேட்டால் பிணமும் எழுந்து பாடிவிட்டு மறுபடி விழுவது நாடகக்காரர் வழக்கம்தானே. இந்தக் கம்பெனியில் அது சட்டமே. கேட்ட ஒன்ஸ்மோருக்கு இல்லையென்று சொல்பவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அதைப் போட்டவர், கம்பெனி முதலாளியுமான சிவனணைந்தபெருமாள்தான்.

அவரை வெட்டிய கொலைச்சேவகன் வேஷக்காரன் பெயர் தேவதாசன். நாசரேத்துக்காரன். மிஷன் பேண்டில் ஊதிப் பழகி, கப்பலேறி, கொழும்பில் வெள்ளைக்காரர் ஆடும் ஓட்டலில் ஆறு வருஷம் ஜாஸ் வாசித்தவன். அவன் சாக்ஸபோனை வாயில் வைத்தால் துரைசானிகளின் குதிகால் தரையைவிட்டு நாலு விரற்கடை எழும்பி நிற்கும். நாற்பத்திரண்டில் கொழும்பில் குண்டு விழுந்ததும் தோணியில் ஊர் திரும்பினான். சண்டை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று ஓட்டல் மேனேஜர் கையடித்துச் சொல்லியிருந்தான். அதுவரை கஞ்சிக்கு ஆகட்டுமென்று இந்தக் கம்பெனியில் சேர்ந்து, ஊதவும் செய்தான், சேனாதிபதி வேஷமும் கட்டினான்.

வினை அங்கேதான் பிடித்தது. ராஜபார்ட் பாட, கூடவே இவன் ஊத, சனம் ராஜாவை விட்டுவிட்டுச் சேனாதிபதியிடம் ஒன்ஸ்மோர் கேட்டது. ராஜபார்ட் ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த வாரம் கத்திச்சண்டைக் காட்சிக்கு மரக்கத்திக்குப் பதில் இரும்புக் கத்தியைக் கொண்டுவந்து, பிடியால் ஒரே இடி. தேவதாசனின் மேல்வரிசை முன்பல் இரண்டும் மேடையில் விழுந்தன. "கை தவறிட்டுலே" என்றார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவனுக்குக் கொழும்பே போயிற்று. சாக்ஸபோனை அமர்த்திப் பிடிக்க அந்த இரண்டு பல்தான் ஆதாரம்.

பேசும் வேஷம் இனி ஆகாதென்று, ராஜாவை வெட்டும் ஊமை வேஷத்தை அவரே அவனுக்குக் கொடுத்தார். விதி இப்படித்தான் வீடு தேடி வரும். தேவதாசன் விழுந்த பற்களைச் சாக்ஸபோனுக்குள் போட்டுக்கொண்டு, உப்பளத்துப் பக்கம் போய் ஆறு மாதம் ஈறால் ஊதினான். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு ரத்தம் வந்தது. கடைசியில் ஒரே ஒரு மெட்டு வந்தது. அவன் வயிற்றெரிச்சல் முழுவதும் அதில் இருந்தது. மாசியில் ராஜாவை வெட்டிச் சாய்த்த கையோடு அதை மேடையில் ஊதினான். அது முடிந்துபோவதை யாராலும் பொறுக்க முடியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சங்கு குளிப்பவர்கள், மூச்சுக்குப் பஞ்சமில்லாதவர்கள்; அவர்கள் கேட்ட ஒன்ஸ்மோர் ஒரு முங்கு முங்கி எழும் நேரம் நீண்டது.

பிறகு தினமும் அதே கதைதான். வேறு காட்சியை யாரும் கேட்கவில்லை. ராஜா வந்ததும் சாவுதான். ஒவ்வொரு சாவுக்கும் தேவதாசனின் ஈறில் மணல் அளவு பல் முளைத்தது. ராஜபார்ட்டின் மனைவி செல்லத்தாய் ஒரு நாள் நேரே வந்து நின்றாள்.

"அண்ணே, வீட்டுக்கு வாரவரு குளுந்துபோயி வாராரு. சோத்த வச்சா மண்ணு ருசியா இருக்குன்னு சொல்லுதாரு. ஊதாம விட்டுருங்க."

"பல்லு முளைக்கட்டும் தங்கச்சி, விட்டுருதேன்."

நாற்பத்தைந்தில் இரண்டு பல்லும் முழுசாக முளைத்தன, பழையதைவிட வெள்ளையாக. அவன் விடவில்லை. பூனை ருசி கண்டுவிட்டது. செத்துக் கிடந்தபடியே ராஜபார்ட், "போதும்லே, ஒங் கால்ல விழுதேன்" என்று கெஞ்சியபோது அவனுக்குத் தேனாக இனித்தது. "ஊரு கேக்கு அண்ணாச்சி. நீங்க போட்ட சட்டந்தான?" என்றான்.

நாற்பத்தாறு ஆனியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இடம் காலியாக இருக்கிறது, இந்தச் சனிக்கிழமைக் கப்பலில் வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று எழுதியிருந்தான் மேனேஜர். தேவதாசன் பெட்டி கட்டினான், புதுச்சட்டை தைத்தான். விளக்குத் தடை போயும் நாடகம் மூன்று மணிக்குத்தான், கப்பல் ஐந்துக்கு. கடைசியாக ஒரே ஒரு தடவை வெட்டிவிட்டுப் போகலாமே என்று கொட்டகைக்கு வந்தான். வெட்டினான், ஊதினான். சனம் ஒன்ஸ்மோர் என்றது. ராஜபார்ட் எழுந்தார். பதினோராவது சாவில் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதிற்று.

"ஏலே தேவதாசா, கப்பலு போயிட்டோ?" என்று கிடந்தபடியே கேட்டார் ராஜபார்ட். மூன்று வருஷத்தில் அன்றுதான் சிரித்தார்.

"போயிட்டு, அண்ணாச்சி."

முன்வரிசை மூச்சை இழுத்து மறுபடி ஒன்ஸ்மோர் கேட்டது. ராஜபார்ட் எழுந்து கிரீடத்தை மாட்டினார். தேவதாசன் கத்தியை எடுத்தான்.