பல்லில்லாத எத்து

கன்னடத்தில் எத்து என்றால் காளை மாடு. தூக்கு என்று சொல்வதற்கும் அதே எத்துதான். பாகலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் லூர்தம்மாள் ஒருநாள் தடுக்கி விழுந்தாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அவளே விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம். அவள் வீட்டுக்காரர் சூசை, ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தார். குழிக்குள் நின்று அண்ணாந்து வேலை பார்க்கிற ஷெட். லூர்தம்மாள் பாகலூரில் இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு, பால் ஊற்றி, ஆறு வருஷத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் சேர்த்திருந்தாள். அந்த மாதம் ஏர்மாடு ஒன்று செத்துப்போகவே, மாடு வேண்டுமென்று நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

சூசைக்கு வேறு அவசரம். கிருஷ்ணகிரி நாராயணப்பனுக்கு ஐந்து டாக்சி ஓடியது. "முதல் தேதிக்குள்ள காரைத் தூக்குற லிப்ட் வெச்சிட்டீன்னா அஞ்சு வண்டி வேலையும் உனுக்கு" என்று சொல்லியிருந்தார். சூசை பெங்களூரில் ஒரு பழைய லிப்டை விசாரித்து, அங்கிருந்து ஆளையும் வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டார். பெண்டாட்டியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

கரியப்பன் என்கிற அந்த ஆள் வந்தபோது சூசை வீட்டில் இல்லை.

"எத்து விஷயமா வந்தேம்மா" என்றான். அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அந்த லிப்டுக்கு அதுதான் செல்லப்பெயர்.

லூர்தம்மாள் மோர் கொடுத்து உட்காரவைத்தாள். "வயசு என்னா?"

"பதினொண்ணு இருக்கும்."

"கெழடாச்சே! பல்லு எப்பிடி?"

"பல்லு வெச்சது வேற ஜாதிம்மா. இதுக்குப் பல்லே கெடையாது."

"பல்லில்லாம எப்பிடி திங்குது?"

"எண்ணெதான் குடிக்கும். மாசத்துக்குப் பத்து லிட்டர்."

"பத்து லிட்டரா! வயிறு சரியில்லையா?"

"ஹௌது, ஆமாம்மா. அடியில வாஷர் தேஞ்சிருக்குது. ஊத்த ஊத்தக் கீழ ஒழுகும்."

கரியப்பனுக்குப் பொய் வராது. அவனை விற்க அனுப்பியது அவன் முதலாளியின் பிழை.

"வைத்தியம் பாக்கலையா?"

"சீமையிலருந்து வரணும், இப்ப வர்றதில்ல. நானே தோல் வெட்டிப் போடறேன். ஆறு மாசம் தாங்கும். நூத்தம்பது ரூவா ஆவும்."

மாட்டுக்குத் தோல் வெட்டிப் போடுகிற வைத்தியத்தை லூர்தம்மாள் கேள்விப்பட்டதில்லை. "அது போவட்டும். வேலைக்கு நடுவுல படுத்துக்குமா?"

"மாசத்துக்கு மூணு நாள் படுக்கும். ஆனா தொப்புனு விழாது. மெதுவா எறங்கும். கீழ இருக்கறவங்க பாத்து நகந்துக்கலாம்."

"வெல?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"யோவ்! அந்த வெலைக்கு மூணு ஜோடி வாங்கி, மூக்கணாங்கயிறும் வாங்குவேனே!"

"மூக்கணாங்கயிறு எதுக்கம்மா? அதைக் காங்கிரீட்ல போல்ட் போட்டில்ல நிறுத்தியிருக்கோம்!"

சைக்கிளை விட்டு இறங்கிய சூசை இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் லூர்தம்மாளுக்கு வயிறு வலிக்கிற மாதிரி சிரிப்பு. கரியப்பனுக்கும் மோர் புரை ஏறியது. சட்டென்று அவள் நிறுத்தினாள்.

"ஏங்க, கீழ இருக்கறவங்கன்னாரே, அது யாரு?"

சூசை காலைப் பார்த்தார். "நாந்தான்."

"அப்ப வேணாம்."

"புதுசு அய்யாயிரத்து எரநூறு, லூர்து! மெட்ராஸ்ல செய்றாங்க. பாதி முன்னால கட்டணும், மீதி ஒரு வருஷத் தவணை. இந்தப் பழசு அதுல பாதி வெலதானே?"

"வாங்கற அன்னிக்குத்தான் பாதி. எண்ணெ லிட்டர் நாலு ரூவா. வருஷத்துக்கு நானூத்தி எம்பது. தோலு ரெண்டு வாட்டி, முந்நூறு. அஞ்சு வருஷத்துல மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வெலையோட சேத்தா ஆறாயிரத்து நானூறு. புதுசு என்னா குடிக்கும்?"

"வருஷத்துக்கு ஒருவாட்டி எண்ணெ மாத்தணும். அறுவது ரூவா" என்றான் கரியப்பன், தான் எதை விற்க வந்தோம் என்பதையே மறந்து.

"அஞ்சு வருஷத்துக்கு முந்நூறு. அய்யாயிரத்து ஐந்நூறுல முடிஞ்சுது. இதுல எது மலிவு?"

சூசை மெதுவாகச் சொன்னார்: "புதுசு வர ஆறு வாரம் ஆவும். அதுக்குள்ள நாராயணப்பன் வேற ஷெட்டு பாத்துக்குவாரு."

அதுதான் அவருடைய பயம். அஞ்சு டாக்சி போய்விட்டால் எந்த லிப்ட் வந்தும் பிரயோசனமில்லை.

மறுநாள் காலை இருவரும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார்கள். சூசை நாராயணப்பன் வீட்டு வாசலில் நின்ற டாக்சியின் டயரை ரொம்ப அக்கறையாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். லூர்தம்மாள் மட்டும் உள்ளே போனாள்.

"அண்ணா, உங்க டாக்சி ஒருநாள் நின்னா என்னா நஷ்டம்?"

"நாப்பது ரூவா. ஏன்?"

"பழைய லிப்ட் மாசத்துக்கு மூணு நாள் படுத்துக்கும். அன்னிக்கு உங்க வண்டியும் அதுகூடவே படுத்துக்கும். அந்த நாப்பதையும் சேத்துத்தானே லிப்ட் வெல?"

நாராயணப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "என் நஷ்டத்தையும் உன் கணக்குல ஏத்திட்டியா! இப்ப என்னாங்கறே?"

"ஆறு வாரம் பொறுங்க. நல்லதா வெக்கிறோம்."

"அதுவரைக்கும்?"

"குழியிலயே பாப்பாரு."

"குழிக்குக் கூலி கொறைச்சுத்தான் குடுப்பேன்."

"கொறைங்க. லிப்ட் வந்ததும் வண்டிக்கு ரெண்டு ரூவா ஏத்திக் குடுங்க."

"ரெண்டா?"

"சரி, ஒண்ணரை."

"யம்மா, நீ போயி உன் புருசன உள்ள அனுப்பு. அவன்கிட்டப் பேசினாதான் எனக்கு நல்லது" என்றார். ஆனாலும் ஒன்றரைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

வெளியே வந்தபோது சூசை நாலாவது டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கப் பயந்து அவளுடைய முகத்தையே பார்த்தார்.

"மாடு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்த வருஷம் வாடகைக்கு ஏர் பூட்டிக்கிறேன்" என்றாள் லூர்தம்மாள். "மெட்ராசுக்குக் கடுதாசி எழுதுங்க."

சூசையின் பேனாவில் மை இல்லை. டாக்சி டிரைவரிடம் பென்சில் கடன் வாங்கி, பானெட்டின்மேல் பையிலிருந்த தபால் கார்டை வைத்து, முதலில் விலாசத்தை எழுதினார்.